இரு மணிக்கூடுகளின் பரிவு



மாணவப் பருவத்தில், பௌதிகவியல் வகுப்பிலே 'பரிவு' என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு தந்தியை மீட்ட, அதே சுருதியில் அமைந்த வேறொரு தந்தி தொடாமலே அதிர்வதற்கு அந்தப் பெயர். நெஞ்சின் ஈரத்தைச் சொல்லும் சொல்லுக்குத் தந்தியிடத்தில் என்ன வேலை என்று நினைத்தேன். இதற்கு நெருங்கிய உறவுள்ள ஒரு நிகழ்வுக்கு, 1665ஆம் ஆண்டிலேயே ஓர் ஒல்லாந்து அறிஞர் ஏறக்குறைய இதே பெயரை இட்டிருந்தார் என்பதைப் பல காலம் கழித்தே அறிந்தேன். அவர் கதையே இன்றைய பேச்சு.

அவர் பெயர் கிறிஸ்ரியான் ஹைகென்ஸ். தந்தையார் கொன்ஸ்ரன்ரைன் ஒல்லாந்து மொழியின் பெருங்கவிஞர்களுள் ஒருவர். மகனோ 1656இல், தமது இருபத்தேழாவது வயதில், ஊசல் மணிக்கூட்டை ஆக்கினார். அதுவரை நாளொன்றுக்குக் கால்மணி நேரம் வரை பிழைத்து வந்த மணிக்கூடுகளின் தவறு, சில விநாடிகள் அளவுக்குக் குறைந்தது.

ஆயினும் அவருடைய கனவு கடலில் இருந்தது. நடுக்கடலில் ஒரு மாலுமி தன் நெடுங்கோட்டை அறியவேண்டுமானால், புறப்பட்ட துறைமுகத்தில் அப்போது என்ன நேரம் என்று தெரியவேண்டும். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. ஆகவே நான்கு நிமிடப் பிழை கப்பலின் இருப்பிடத்தையே ஒரு பாகை தள்ளிக் காட்டிவிடும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் கப்பல்களும் இந்தக் குறையோடுதான் நம் கரைக்கு வந்தன. ஒன்று நின்றாலும் மற்றது ஓடட்டும் என்று, ஹைகென்ஸ் கடலுக்கான மணிக்கூடுகளைச் சோடியாகச் செய்வித்தார்.

1665 பெப்ரவரியில் சுகவீனமுற்று அவர் சில நாள் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். எதிரே அந்த இரு மணிக்கூடுகளும் அருகருகே தொங்கின. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு விந்தை புலப்பட்டது. ஓர் ஊசல் இடப்புறம் போகும்போது மற்றது வலப்புறம் போனது; இரண்டின் ஓசையும் ஒன்றாகவே கேட்டது. வேண்டுமென்றே குழப்பிவிட்டாலும் அரைமணி நேரத்தில் மீண்டும் இசைந்துவிட்டன. பதினைந்து அடி தள்ளித் தொங்கவிட்டபோதோ, ஒரு நாளைக்கு ஐந்து விநாடி வேறுபட்டன. இதைத் தந்தையாருக்கும் கடிதத்தில் எழுதினார்.

ஊசல்கள் அசைக்கும் காற்றே காரணம் என்று முதலில் கருதினார். இடையே பலகை வைத்து மறைத்தும் இசைவு கெடவில்லை. பின்னர் உண்மை வெளிப்பட்டது. இரண்டும் ஒரே மரச்சட்டத்தில் தொங்கின. பெட்டிகளின் அடியில் ஈயப் பாரம் ஏற்றியிருந்தும், கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் சட்டத்தின் வழியே ஒன்றிலிருந்து மற்றதற்குச் சென்றது. ஒருபுறமாகச் சேர்ந்து ஆடினால் சட்டமும் ஆடி அவற்றைக் குலைக்கும். எதிரெதிராக ஆடினாலோ ஒன்றின் இழுப்பை மற்றது ஈடுசெய்துவிடும். அந்த நிலையிலேயே அவை அமைதி கண்டன.

இங்கேதான் என் மனம் நின்றுவிடுகிறது. இச்செய்தியை அவர் இலண்டன் றோயல் சங்கத்துக்கும் அறிவித்தார். அங்கே சிலர் கேட்டார்கள்: இவ்வளவு சிறு நடுக்கத்துக்கே நடை மாறும் மணிக்கூட்டை, அலைகடலில் எப்படி நம்புவது? அவர் கண்டுபிடிப்பே அவர் கனவுக்கு எதிர்ச்சாட்சியானது. மூடி மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. 1673இல் பாரிசில் வெளியிட்ட ஊசல் மணிக்கூடு பற்றிய பெருநூலிலும் அதைக் காரணத்தோடு விளக்கினார். ஐயப்பட்டோர் பக்கமே காலமும் தீர்ப்பளித்தது. 1761இல் யமேய்க்கா நோக்கிய பயணத்தில் சோதிக்கப்பட்டு வென்ற ஜோன் ஹரிசனின் கடற்காலமானியில் ஊசல் இருக்கவில்லை.

சென்ற விடுமுறையில் இரண்டு கதிரைகளுக்கிடையே ஒரு நூலைச் சற்றுத் தளர்வாகக் கட்டி, அதில் சம நீளமான இரு நூல்களில் இரண்டு கற்களைத் தொங்கவிட்டேன். ஒன்றை மட்டும் ஆட்டினேன். சிறிது நேரத்தில் அது ஓய, அசையாதிருந்த மற்றது ஆடத் தொடங்கியது; பிறகு அதுவும் தன் ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்தது. பக்கத்திலிருந்த பேரப்பிள்ளை, "தாத்தா, இதுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டாள்.

மேலே கட்டியிருந்த நூலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.