தங்கவயலில் விளக்கு பழகிய விதம்

மைசூர் சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய சர் கே. சேஷாத்ரி ஐயர், காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை வகுத்தபோது, அந்த மின்சாரம் முதன்முதலாகச் செல்லவேண்டிய இடமென்று குறித்தது பெங்களூர் நகரத்தை அன்று. ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கச் சுரங்கங்களையே குறித்தார். 1901இல் அவர் காலமாகிவிட, மறு வருஷம் ஜூன் 30ஆம் தேதி, அக்காலத்தில் உலகத்தின் மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்றாகப் பேசப்பட்ட கம்பிகளின் வழியே அந்தச் சக்தி தங்கவயலை அடைந்தது. பெங்களூரின் வீதிகளோ 1905 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதைச் சொல்லித் தங்கவயல்காரர்கள் பெருமைப்படுவது நியாயமே. ஆயினும், வந்த மின்சாரம் யந்திரங்களை உத்தேசித்து வந்ததேயன்றி, தட்டி வீடுகளில் குடியிருந்த, சுரங்க வேலைக்கு வந்த வட ஆற்காட்டுக் குடும்பங்களையும் சேலத்துக் குடும்பங்களையும் உத்தேசித்து வந்ததன்று என்பதையும் கூடவே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் இவ்வூரின் விளக்குச் சரித்திரத்தைச் சிவசமுத்திரத்திலிருந்து தொடங்குவது, பணக்கார உறவினர் ஒருவரை மட்டும் வைத்துக் குலவரலாறு எழுதுவதைப் போன்றது. 1880இல் ஜான் டெய்லர் அண்டு ஸன்ஸ் கம்பெனியார் இங்கே வேலை தொடங்கியபோது அவர்களோடு வந்தவர்களுள் இங்கிலாந்தின் கார்ன்வால் பிரதேசத்துச் சுரங்கத்தார் பலர் இருந்தனர். கெட்டித் தொப்பியின் முன்புறத்தில் களிமண் உருண்டையொன்றை அப்பி, அதில் மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டு பாறைக்குள் இறங்குவது அவர்கள் நாட்டுச் சம்பிரதாயம். நிலக்கரிச் சுரங்கமானால் அங்குள்ள எரிவாயுவுக்கு அஞ்சிச் சுடரைக் கூண்டுக்குள் அடைக்கவேண்டும்; வெண்கற்பாறைக்குள் தங்கம் தேடுகிறவனுக்கு அந்தப் பயம் அநேகமாக இல்லையாதலால், நெற்றிக்கு மேலே சுடர் திறந்தபடியே எரிந்தது.

பின்னர் கார்பைடு வந்தது. 1892இல் வில்ஸன் என்ற கனடா தேசத்தார் வேறொன்றைச் செய்ய முயலுகையில் தற்செயலாகக் கிடைத்த கல் அது; மேல் அறையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக அதன்மீது விழ, எழுகின்ற வாயு, பின்னால் குழிந்த ஒரு தகட்டின் முன்னே வெள்ளையாக எரியும். இந்தப் பித்தளை விளக்கு உலோகச் சுரங்கத் தொழிலாளியின் தொப்பியில் ஏறிய அதே காலத்தில் சைக்கிளின் கைப்பிடியிலும் மோட்டாரின் மூக்கிலும் ஏறிற்று என்பதை நம்மவர்கள் பலர் கவனித்ததில்லை. பூமிக்குள் நடப்பவனுக்கும் சாலையில் ஓடும் வண்டிக்கும் விளக்கு ஒன்றாகவே இருந்தது. இருவரும் அதைக் கைவிட்டு மின்சாரத்துக்கு மாறியதும் ஏறத்தாழ ஒருசேரவே. 1912இல் காடிலாக் கார் மின்விளக்கோடு விற்பனைக்கு வந்தது. 1914இல் எடிஸன், இடுப்பில் பேட்டரியும் தலையில் விளக்குமாகச் சுரங்கத் தொழிலாளிக்கு ஒரு சாதனத்தை அமைத்துக்கொடுத்தார்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு; அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதலானேன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஆழத்தில், தலை திரும்பிய இடமே வெளிச்சம், திரும்பாத இடம் இருள். அங்கே எதிரே வருகிறவனோடு பேசவேண்டுமானால், அவன் முகத்தில் ஒளி அடிக்காதபடி தலையைச் சற்றே தாழ்த்தியோ ஒருபுறம் சாய்த்தோ பேசுவது அந்நாளைய சுரங்க மரியாதை. கண் கூசியவன் அடுத்த அடியை எங்கே வைப்பான்? எவரும் சொல்லிக்கொடுக்காமலே கழுத்துக்குப் பழகிவிடும் இந்த மரியாதை, கழுத்தில்லாத மோட்டார் வண்டிக்கு எப்படி வரும்?

சட்டத்தினாலும் திருகாணியினாலும் வரவேண்டியதாயிற்று. இரண்டாம் உலக யுத்த காலத்து இருட்டடிப்பின்போது சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் மோட்டார் விளக்குகளை மறைத்து ஓட்டினார்கள்; பிற்காலத்தில் விளக்குக் கண்ணாடியின் மேற்பாதிக்குக் கறுப்புப் பூசிய வழக்கத்துக்கு வித்து அங்கேதான் விழுந்தது என்பது என் ஊகம். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி இந்த விஷயத்தை அளவுகோல் வைத்தே பேசுகிறது: விளக்குக்கு 8 மீட்டர் முன்னே, அரை மீட்டர் வலப்புறம் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருக்குமானால், அந்தக் கண் கூசக்கூடாது.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி, சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, இவ்வூரார் பலர் விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடிக்கலாயினர். லோடு வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களும் உண்டு. கோலார் தக்காளிச் சந்தை ஆசியாவின் பெரிய சந்தைகளுள் ஒன்று. பெட்டி பெட்டியாகப் பழத்தை ஏற்றிய பிக்கப்புகள் இரவெல்லாம் அதை நோக்கி ஓடுகின்றன. எதிரே வருகிறவன் கண் கூசாதபடி முன்விளக்கைத் திருத்தி ஃபோகஸ் வைக்கும் வேலையை இவ்வண்டிக்காரர்கள் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம். சமதரை, வெள்ளைச் சுவர், அந்திப்பொழுது இம்மூன்றும் போதும். டயர்களில் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆளை உட்காரவைத்து, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடுமைய உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக்கொள்ளவேண்டும். ஒரு விளக்கைச் சாக்கால் மூடிவிட்டு, மற்றதை டிப்பில் வைத்து, பின்புறத்துத் திருகைத் திருப்பினால் ஒளியின் மேல்விளிம்பு இறங்கும். கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே அது நின்றால் பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். நம் நாட்டில் இடப்புறம் ஓட்டுகிறோமாதலால், இடப்பக்கம் மட்டும் அந்த விளிம்பு சற்று மேலேறியிருப்பது குறையன்று.

சிக்கல் எல்லாம் பாரத்தில்தான். காலி வண்டியில் ஃபோகஸ் வைத்து, பிறகு பெட்டிகளை அடுக்கினால், பின்பக்கத்துக் கமான் பட்டைகள் அமுங்கி மூக்கு நிமிர, காலியில் அடக்கமாயிருந்த ஒளி எதிரே வருகிறவன் கண்ணுக்கே நேராகப் போய்விடுகிறது. பாரத்தோடு வைத்தாலோ, காலியாகத் திரும்பும்போது வெளிச்சம் பம்பரின் காலடியிலேயே விழுந்துவிடுகிறது. ஒளியை ஏற்றி இறக்கும் சிறு சக்கரம் டாஷ்போர்டில் உள்ள வண்டிகளுக்கு இந்தத் தர்மசங்கடம் இல்லை. அது இல்லாதவர்கள், இரவில் பாரத்தோடு ஓடுவதே தொழிலானால், பாரம் ஏற்றிய நிலையிலேயே ஃபோகஸ் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம். திரும்பும் வழியில் கொஞ்சம் மெதுவாக வந்தால் என்ன? ஆனால் ஹாலஜன் பல்புக்கென்று வார்த்த கூட்டில் கடைத்தெரு எல்.இ.டி.யைச் செருகியிருப்பவர்களுக்குச் சுவரும் சுண்ணக்கட்டியும் பெரிதாக உதவா. இழை இருக்கவேண்டிய புள்ளியில் ஒளி பிறக்காவிட்டால், திருகை எத்தனை முறை திருப்பினாலும் அது சிதறவே செய்யும். பழையபடி ஹாலஜன் பல்பையே வாங்கி மாட்டுவதே அதற்கு உபாயம்.