சிவகாசி அச்சகங்களின் ஃபைல் சர்வரில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? 'சம்பா' மென்பொருளும் அப்டேட்டும் - முழு விளக்கம்

ஆடி 18 அன்று புது வருட காலண்டர் ஆல்பம் வெளியானதும் சிவகாசி அச்சகங்களில் சீசன் சூடுபிடித்துவிடும். இன்னொரு பக்கம் தீபாவளிக்கான பட்டாசு லேபிள், அட்டைப்பெட்டி ஆர்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும். இந்த டிசைன் ஃபைல்கள், வாடிக்கையாளரின் விளம்பரங்கள், சில இடங்களில் டேலி கணக்கு வரை எல்லாமே பெரும்பாலும் ஒரே ஒரு சர்வரிலோ, 'நாஸ்' எனப்படும் சின்ன ஸ்டோரேஜ் பெட்டியிலோதான் இருக்கும்.

சீசன் நடுவில் அந்தப் பெட்டி முடங்கினால் மெஷின் ஓடாது. பிளேட் போட ஃபைல் இருக்காது. பொங்கல் தாண்டி வரும் காலண்டரை யாரும் வாங்கப் போவதில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளில் அவ்வப்போது 'பக்' எனப்படும் பிழைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. சரிசெய்யும் 'பேட்ச்'சும் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு எங்கே சிக்கல்? பார்க்கலாம்.

சம்பா என்றால் என்ன?

சம்பா என்றதும் நெல்தான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு சம்பா.

ஒரு கணினியில் இருக்கும் ஃபோல்டரை மற்ற கணினிகளும் நெட்வொர்க் வழியாகத் திறந்து பயன்படுத்த உதவும் விதிமுறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். விண்டோஸில் 'ஷேர்டு ஃபோல்டர்' என்று நாம் திறப்பது இதன் வழியாகத்தான்.

லினக்ஸ் சர்வர்களும் இதே மொழியில் பேச உதவும் இலவச மென்பொருள்தான் சம்பா. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991-92 வாக்கில் இதைத் தொடங்கினார். முதலில் வைத்த பெயரில் வர்த்தகமுத்திரைப் பிரச்சினை வந்தது. எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொல்லைத் தேடியபோது கிடைத்ததுதான் 'சம்பா'.

இன்று சந்தையில் விற்கும் நாஸ் பெட்டிகள் பலவற்றுக்குள் ஓடுவது லினக்ஸும் சம்பாவும்தான். 'எங்ககிட்ட லினக்ஸே கிடையாது' என்று சொல்லும் அச்சகத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கலாம்.

2017: 12 நாள் இடைவெளியில் இரண்டு அடி

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் சிக்கின. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நிலைகுலைந்தன. ஆந்திர காவல்துறையின் கணினிகள் பாதிக்கப்பட்டன. சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிஸான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன.

அது உள்ளே நுழைந்த வழி, விண்டோஸின் ஃபைல் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓட்டை. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கணினி சிக்கினால் அதே நெட்வொர்க்கில் பேட்ச் போடாத மற்ற கணினிகளுக்கும் தானாகவே தாவியது.

ஆனால் அந்த ஓட்டைக்கான பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதாவது தாக்குதலுக்கு 59 நாட்களுக்கு முன்பே மருந்து தயார். போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள்.

அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள் மே 24 அன்று சம்பா குழுவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஷேர்டு ஃபோல்டரில் எழுத அனுமதி உள்ள ஒருவர், அதில் ஒரு புரோகிராம் ஃபைலைப் போட்டு, அதை சர்வரையே இயக்க வைக்க முடியும். 2010 மார்ச்சில் வந்த 3.5.0 பதிப்பிலிருந்து இந்தப் பிழை உள்ளே இருந்தது. 7 வருடமாக யார் கண்ணிலும் படவில்லை.

பேட்ச் அன்றே வந்தது. ஆனாலும் சில வாரங்களிலேயே இதே ஓட்டை வழியாக அடுத்தவர் சர்வரில் புகுந்து, அவர்கள் மின்சாரத்தில் கிரிப்டோ நாணயம் 'மைனிங்' செய்யும் கும்பல்கள் கிளம்பின. நாஸ் பெட்டிகளைக் குறிவைத்த வைரஸும் வந்தது.

2022: மேக் கணினி வைத்திருப்போரைத் தொட்ட ஓட்டை

டிசைன் வேலைக்கு மேக் கணினி பயன்படுத்தும் அச்சகங்கள் கவனிக்க வேண்டியது இது. மேக் ஒரு ஃபைலைச் சேமிக்கும்போது அதனுடன் கூடுதல் குறிப்புகளையும் ஒட்டி வைக்கும். அவற்றைப் படிக்க சம்பாவில் 'ஃப்ரூட்' என்ற தனிப் பகுதி உண்டு.

பார்சல் மேல் ஒட்டிய சீட்டில் உள்ள எண்ணிக்கையை அப்படியே நம்பி, உள்ளே எண்ணிப் பார்க்காமல் இறக்கி வைத்தால் என்ன ஆகும்? அந்தப் பகுதி அதைத்தான் செய்தது. வரும் குறிப்பின் அளவைச் சரியாகச் சோதிக்கவில்லை. பொய்க் கணக்கு எழுதிய குறிப்பை அனுப்பினால், சர்வரின் நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தில் எழுதவும், கடைசியில் சர்வரையே முழுமையாகக் கைப்பற்றவும் வழி இருந்தது. பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' பயனருக்கு எழுத அனுமதி கொடுத்திருந்தால் அவர் வழியாகவும் இது சாத்தியம்.

2022 ஜனவரி 31 அன்று இதற்கான பேட்ச் 4.13.17, 4.14.12, 4.15.5 ஆகிய பதிப்புகளாக வெளியானது. ஆபத்தின் அளவுக்கு 10-க்கு 9.9 மதிப்பெண் தரப்பட்டது.

ஓட்டையை எப்படி அடைக்கிறார்கள்?

பிழையைக் கண்டுபிடித்தவர் அதை வெளியே சொல்லாமல் சம்பா குழுவிடம் ரகசியமாகத் தெரிவிப்பது வழக்கம். வெளியே கசிந்தால் பேட்ச் வரும் முன் திருடன் வந்துவிடுவான்.

குழு முதலில் பிழையைத் தன் கணினியில் மறுபடி நிகழ்த்திப் பார்க்கும். பிறகு கோடு திருத்தப்படும். குழு உறுப்பினர்கள் இருவரின் ஒப்புதல் இல்லாமல் எந்தத் திருத்தமும் உள்ளே போகாது. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தானியங்கிச் சோதனைகள் ஓடும். லினக்ஸ் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே தகவல் போகும். பிறகு ஒரே நாளில் எச்சரிக்கையும் பேட்ச்சும் வெளியாகும்.

உடனே அப்டேட் செய்ய முடியாதவர்களுக்குத் தற்காலிக வழியும் சொல்வார்கள். ஆனால் அதற்கும் விலை உண்டு. 2022-ல் 'ஃப்ரூட்' பகுதியையே நிறுத்திவைக்கலாம் என்றார்கள். அதற்குப் பதிலாக அதன் செட்டிங்கை மட்டும் மாற்றினால், சேமித்த கூடுதல் குறிப்புகள் காணாமல் போனதுபோல் மேக் கணினிக்குத் தெரியும் என்றும் எச்சரித்தார்கள். விவரம் தெரியாமல் செட்டிங்கில் கைவைப்பது ஆபத்து.

பேட்ச் ஏன் அச்சகம் வரை வந்து சேருவதில்லை?

முதல் காரணம், பேட்ச் நேராக வருவதில்லை. சம்பா குழு வெளியிட்டதை நாஸ் தயாரிப்பு நிறுவனம் தன் பெட்டிக்கு ஏற்ப மாற்றித் தர வேண்டும். அதை யாராவது பெட்டியில் போட வேண்டும். பழைய மாடலுக்கு நிறுவனம் ஆதரவை நிறுத்தியிருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

இரண்டாவது, பழைய மெஷின்கள். பிளேட் எடுக்கும் சி.டி.பி. மெஷினோடு இணைந்த கணினியும், பழைய ஸ்கேனரும் 'எஸ்.எம்.பி.1' என்ற பழைய முறையில் மட்டுமே பேசக்கூடியவையாக இருக்கலாம். சம்பா 2019-ல் 4.11 பதிப்பிலிருந்து இந்த முறையை இயல்பாகவே நிறுத்திவிட்டது. அப்டேட் செய்தால் அந்த மெஷினுக்கு ஃபைல் போகாது என்ற பயத்தில் எல்லாமே அப்படியே விடப்படுகிறது.

மூன்றாவது, 'ஓடுற வண்டிய எதுக்கு நிறுத்தணும்?' என்ற எண்ணம். சீசனில் இது நியாயமாகக் கூடத் தோன்றும். ஆனால் இங்கே இரண்டு வகை அப்டேட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புது வசதிகளோடு வரும் பெரிய பதிப்பு மாற்றத்தைப் பொங்கல் முடிந்து வேலை குறையும்போது வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு பேட்ச் அப்படியல்ல. அது வெளியான நாளிலேயே ஓட்டை எங்கே இருக்கிறது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. ஒரு ராத்திரி அரை மணி நேரம் சர்வரை நிறுத்துவது, ஒரு வாரம் அச்சகத்தை நிறுத்துவதை விட மேல்.

அச்சகங்கள் என்ன செய்யலாம்?

* சர்வரைப் பராமரிக்கும் நபரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கள் பெட்டியில் ஓடுவது எந்தப் பதிப்பு? அதற்கு இன்னும் பாதுகாப்பு பேட்ச் வருகிறதா? கடைசியாக எப்போது போட்டீர்கள்?
* பதிப்பு எண் பழையதாகத் தெரிந்தால் பதற வேண்டாம். உபுண்டு, டெபியன் போன்றவை பதிப்பை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழையதில் சேர்ப்பது வழக்கம். அந்த நிறுவனத்தின் பாதுகாப்பு அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.
* ஃபைல் பகிர்வுக்கான 445 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கக் கூடாது. வெளியூரிலிருந்து ஃபைல் பார்க்க வேண்டும் என்றால் வி.பி.என். வழியாக மட்டும்.
* 'கெஸ்ட்' அனுமதியை நிறுத்துங்கள். எல்லோருக்கும் எல்லா ஃபோல்டரிலும் எழுதும் உரிமை தேவையில்லை.
* பழைய முறையில் மட்டும் பேசும் மெஷின் இருந்தால், அதைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து வையுங்கள். அதற்காக மொத்த சர்வரையும் பழசாக வைத்திருக்க வேண்டியதில்லை.
* ஒரு பேக்கப் ஹார்ட் டிஸ்க், வேலை முடிந்ததும் கழற்றி வேறு இடத்தில் வைக்கப்பட வேண்டும். சர்வரிலேயே செருகி இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலையாவது மாதம் ஒருமுறை எடுத்துத் திறந்து பாருங்கள்.

தாக்குதல் நடந்துவிட்டால்?

முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். பூட்டப்பட்ட ஃபைல்களை அழிக்க வேண்டாம். சில வகை ரான்சம்வேருக்குப் பின்னாளில் இலவசச் சாவி கிடைத்திருக்கிறது. பணம் கட்டினால் ஃபைல் திரும்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய சம்பவங்களை நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

பட்டாசு ஆலையில் விபத்து நடந்த பிறகு மணல் வாளி தேடுவதில்லை. அது முன்கூட்டியே வாசலில் இருக்க வேண்டும் என்பது விருதுநகர் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சர்வருக்கு அந்த மணல் வாளி, நேரத்துக்குப் போட்ட பேட்ச்சும் கழற்றி வைத்த பேக்கப்பும்தான்.