ஆணி அறையாத படகு

கிழக்கேகோட்டையைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நம்மிற் பெரும்பாலோரின் முன்னோர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தரைமார்க்கமாக வந்தவர்கள். கடல் கடந்து போன தமிழரைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் கப்பலைப் பேசுகிறோம். கரையிலிருந்து கப்பலுக்கு அவர்களைக் கொண்டு சேர்த்த படகை மறந்துவிடுகிறோம்.

ஒரு மாலைப்பொழுது வலியதுறைக் கடற்கரையில் நின்று பார்த்தால் அப்படகின் அருமை விளங்கும். 1956-இல் எழுந்த அத்துறையின் கடற்பாலம் 2021-இல் சாய்ந்து, 2024-இல் இரண்டாகப் பிளந்தது. சென்னைக் கரையும் இத்தகையதே. 1639-இல் ஆங்கிலேயர் அங்கே குடியேறியபோது துறைமுகம் என்று ஒன்றுமில்லை. கப்பல்கள் கரைக்கு வெகுதொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கவர்னராயினும் கைதியாயினும், குதிரையாயினும் பீரங்கியாயினும், அலைகளைக் கடந்து கரையேற இருந்த வாகனம் ஒன்றே. அதுவே மசூலாப் படகு. இப்பெயர் மசூலிப்பட்டினத்தால் வந்தது என்பாரும், மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்பாரும் உளர், இரண்டும் ஊகமே.

திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சராயிருந்த ஜான் எடை என்பார் 1834-இல் இதன் அளவுகளை வெளியிட்டார். நீளம் 30 முதல் 35 அடி. அகலம் 10, 11 அடி. ஆழம் 7, 8 அடி. அடி தட்டை. விலா எலும்பு போன்ற உட்சட்டங்கள் இல்லை. ஆணி ஒன்றுகூட இல்லை. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, இணைப்பின்மேல் நார்த்திரியை வைத்து, தென்னங்கயிற்றால் இறுக்கித் தைத்துவிடுவர். ஓட்டுவோர் பன்னிருவர், மூங்கிற் கழியின் நுனியில் பலகைத் துண்டு கட்டிய துடுப்புகள். பின்னே நின்று திசை திருப்புபவர் தண்டையல். தையல் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்குமாதலால் அதை இறைக்கவும் ஆள் உண்டு.

இதைக் கண்ட வெள்ளைக்காரப் பயணிகள் பலர் நகைத்தனர். நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. கப்பலோடு வந்த ஐரோப்பியப் படகு விறைப்பானது; அலை அதைத் தூக்கி மணலில் மோதும்போது பலகை பிளக்கும், ஆணி தெறிக்கும். தைத்த படகோ அடியை வாங்கி வளைந்து கொடுக்கும். அடுத்த அலை அதை இன்னும் மேலே தள்ளும். தண்டையல் அலைகளைக் கண்ணால் அளந்து, பெரிய அலை ஒன்று வரும்வரை காத்திருந்து குரல் கொடுப்பார். பன்னிரு துடுப்பும் ஒருங்கே விழும். தரை தட்டியவுடன் கயிற்றை வீச, கரையில் நிற்போர் பற்றி இழுப்பர். கடல் சீறும் நாட்களில் கட்டுமரங்கள் உடன் வரும், கவிழ்ந்தவரைத் தூக்குவதற்கு. கயிறு நைந்தால் தையலைப் பிரித்து மீண்டும் தைப்பர். பலகை அதே பலகைதான்.

இரண்டாம் உலகப் போரில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஹிக்கின்ஸ் வடிவமைத்த தரையிறங்கு படகின் நீளம் 36 அடி, அகலம் ஏறத்தாழ 11 அடி, அடி ஆழமில்லாதது, பெரும்பகுதி மரப்பலகை. 1944-இல் நார்மண்டிக் கரையில் படைகளை இறக்கியது அதுவே. பொறியும், முன்புறம் சாயும் கதவும் அதற்குண்டு, நம்முடையதற்கு இல்லை. நம்மைப் பார்த்து அவர் செய்தார் என்று பெருமை பேச நாம் முற்படவில்லை. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு படகுகள் அளவிலும் ஒத்திருப்பதையே சுட்டுகிறோம்.

போரையும் இப்படகு கண்டது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரி 16 மாலையில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. மறுநாள் பிரெஞ்சுப் படை விலகியது. வந்த துருப்புகளும் அந்த அலைகளைத் தாண்டித்தான் கரை சேர வேண்டியிருந்தது. தளபதிகளின் பெயர்களை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. தண்டையல் ஒருவரின் பெயரையும் நாம் அதில் காணவில்லை. படகோட்டிகளின் பணத்தால் எழுந்த ராயபுரத்து இராயப்பர் ஆலயமே அவர்கள் விட்டுச் சென்ற ஏடு.

1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரை ஏற்றிச் சென்று, நவம்பர் 16-இல் டர்பனை அடைந்தது. சென்னையின் இரும்புக் கடற்பாலம் திறக்கப்பட்டது 1861-இல். ஆகவே அந்த 342 பேரும் அலைகளைப் படகிலேயே கடந்திருக்க வேண்டும். வயலையன்றி வேறறியாத உள்நாட்டுக் குடியானவர்கள் பலர் அவருள் இருந்திருப்பர். முதல் அலை படகைத் தூக்கி எறிந்தபோது குழந்தையை அணைத்துக்கொண்ட ஒரு தாய் என்ன நினைத்திருப்பாள்? அவள் பிறந்த மண்ணை இறுதியாகத் தொட்டு நின்றவை அப்படகோட்டிகளின் கால்கள்.

படகு தோற்றதனால் அதன் காலம் முடியவில்லை. கடலுக்கே சுவர் எழுப்பிவிட்டார்கள். 1875-இல் துறைமுகப் பணி தொடங்கிற்று. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். கப்பல்கள் சுவருக்குள் வந்து நிற்கத் தொடங்கியபின் மசூலாப் படகு கரைவலை இழுக்கும் மீனவரிடம் எஞ்சியது.

தையல் கலை நம் கண்ணெதிரிலும் இருக்கிறது. ஆலப்புழைக் காயலில் குளிர்சாதன அறைகளைச் சுமந்து மிதக்கும் கெட்டுவள்ளம், ஒருகாலத்தில் நெல் ஏற்றிச் சென்றது. ஆஞ்ஞிலிப் பலகைகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்தது. அப்பெயரிலுள்ள ‘கெட்டு’ நம் ‘கட்டு’ தான்.