திருவொற்றியூர்க் கல்வெட்டு எழுத்துகள்

சரக்கு லாரிகள் இரவும் பகலும் துறைமுகத்துக்குச் செல்லும் வடசென்னையில், திருவொற்றியூர் தியாகராஜசுவாமி கோயில் உள்ளது. இங்குள்ள இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்றும் ஒரு பெயர் உண்டு. மாந்தாதா என்ற மன்னன் ஊர்களுக்கு அனுப்பிய ஆணை ஓலையில், எழுதியவரும் அறியாதபடி, 'ஒற்றியூர் நீங்கலாக' என்று சிவன் வரிகளுக்கு இடையே எழுதிவைத்தார் என்பது தொன்மம். ஆணை வரி பற்றியது என்றும், கோயில் படித்தரம் பற்றியது என்றும் இருவகையில் சொல்லப்படுகிறது. பெரியபுராணமும் இச்செய்தியைக் குறிப்பிடுகிறது. கடவுளை ஓலை எழுதுபவராகக் கண்ட ஊர்கள் அதிகம் இல்லை.

இக்கதைக்குப் பின்னால் அன்றைய ஆட்சி வழக்கம் உள்ளது. சோழர் காலத்தில் அரசாணை முதலில் ஓலையில் எழுதப்பட்டது. பிறகே கல்லில் வெட்டப்பட்டது. கல்வெட்டுகளின் இறுதியில் வரும் 'இவை என் எழுத்து' என்ற தொடரில் எழுத்து என்பது கையொப்பத்தைக் குறிக்கும். ஒருவரின் கை வடிவமே அவருக்குச் சாட்சி.

கல்லிலும் அந்தக் கை தொடர்ந்தது. எழுதத் தெரிந்தவர் சுவரில் காவியாலோ சுண்ணத்தாலோ வரிகளை எழுதுவார். கல்தச்சர் அக்கோட்டின் மேல் உளி ஓட்டுவார். அதனால் கல்வெட்டைக் கல்லில் நின்றுபோன கையெழுத்து எனலாம். ஒரே சுவரில் ஒருவர் எழுத்து நெருக்கமாகவும் இன்னொருவர் எழுத்து அகன்றும் இருப்பது இதனால்தான். பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. 'ர'வும் காலும் ஒரே வடிவில் இருக்கும். ட, ப போன்றவை இன்றைய வாசகருக்கும் எளிதில் பிடிபடும்.

திருவொற்றியூரில் பல்லவர், ராஷ்டிரகூடர், சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மூன்றாம் கிருஷ்ணனின் 20ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது சதுரானன பண்டிதரின் கல்வெட்டு. கேரளத்தைச் சேர்ந்த இவர் சோழ இளவரசன் இராஜாதித்தனுக்கு நெருக்கமானவர். 949இல் தக்கோலப் போரில் இளவரசன் இறந்தபோது தான் உடன் இல்லையே என்ற வருத்தத்தில் துறவு பூண்டு, இவ்வூர் மடத்தின் தலைவரானார். பின்னர் முதலாம் இராஜேந்திரன் காலத்தில் கருவறை விமானம் கருங்கல்லால் கட்டப்பட்டது.

பண்டிதரின் துயரத்தை அச்சுநூலில் படித்துவிடலாம். ஆனால் எழுதிய கையின் அழுத்தமும் வரியின் சாய்வும் அச்சில் வராது. அவற்றைக் காட்டுவது மைப்படி. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். கரிய பரப்பில் எழுத்துகள் வெள்ளையாக எழும். தகவலுக்காக எடுக்கப்படும் இந்தப் படிகள் ஓவியமாகவே சட்டமிட்டு மாட்டத்தக்கவை.

மைப்படி எடுக்கவும் கல் நலமாக இருக்க வேண்டும். தமிழகக் கோயில்கள் சிலவற்றில் திருப்பணியின்போது மணல் பீய்ச்சிச் சுவர்களைத் துலக்கியதில் உளியின் விளிம்புகள் மழுங்கின. சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி எடுத்தால் எழுத்து மீளும். மணல் தேய்த்த எழுத்து மீளாது.