கூழும் கள்ளும் வார்த்த பிளா

நத்தார், ஆங்கிலப் புத்தாண்டு, தைப்பொங்கல் என அடுத்தடுத்து வரும் பெருநாட்கள் கழிந்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடுக்களைகள் பனையிடம் திரும்பிவிடும். பாத்தி போட்டுப் புதைத்த பனம்விதைகள் கிழங்காகித் தோண்டப்படுவதும், பாளை வரத் தொடங்கிய பனைகளில் சீவல் ஆரம்பமாவதும் ஏறக்குறைய இந்தக் காலத்திலேதான். பச்சைக் கிழங்கைப் பிளந்து காயவிட்டால் ஒடியல். அதை இடித்தால் மா. மாவைக் கரைத்தால் கூழ். பாளையில் வடிவது கள். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது புளிக்காமல் கருப்பநீராக இறங்கும், காய்ச்சினால் பனங்கட்டியாகும். இவ்வாறு ஒரே மரம் தந்த உணவையும் பானத்தையும், அதே மரத்தின் ஓலையில் கோலிய பிளாவிலே வார்த்துக் குடித்தார்கள்.

ஒடியற் கூழ் எளிய சமையலன்று. மாவை நீரில் ஊறவிட்டு, அந்த நீரை வடித்துக் கொட்டிக் கசப்பை அகற்ற வேண்டும். இந்தப் படியில் அவசரப்பட்டவரின் கூழை எந்த நண்டும் காப்பாற்றாது. மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் ஒரு பானையில் அவிந்த பின்னரே பழப்புளியும் அரைத்த மிளகாயும் கரைத்த மாவும் சேரும். பண்டிகைப் பலகாரத்துக்குக் கைப்பணம் கரைந்த வீட்டில், கடலும் வளவும் அன்று தந்தவற்றை ஒன்றாக்கி எல்லோருக்கும் பகிரும் வழி இது. விருந்தாளிக்கு இலை போட்டுப் பரிமாறும் உணவாக இது இருந்ததில்லை. வீட்டார் சுற்றியிருந்து குடிப்பது இது.

கள்ளுக்கும் அடுக்களைக்கும் இருந்த உறவு இதனைவிடச் சுவாரசியமானது. கடையில் ஈஸ்ட் வாங்கும் பழக்கம் வருமுன்னர் அப்பமாவைப் பொங்கவைத்தது கள்ளே. அதில் இயல்பாக வாழும் நொதிகள் மாவின் இனிப்பை உண்டு காற்றை உண்டாக்கும். மறுநாட் காலை சட்டியில் வார்க்கும்போது அப்பத்தின் நடுப்பகுதி பஞ்சுபோலாகும். மதுசாரம் சூட்டில் பெரும்பாலும் பறந்துவிடும். குடியை இழிவாகக் கருதிய வீடுகள் பலவும் அப்பத்துக்கு மட்டும் விலக்களித்திருந்தன. ஆறுமுக நாவலரின் கள்ளெதிர்ப்புப் பிரசாரத்தில் வளர்ந்த சைவச் சமூகத்தின் அடுக்களையில் இந்த விலக்கு நிலைத்ததை எண்ணினால் சிரிப்பு வருகிறது.

இன்று உலகமெங்கும் 'கொக்ரெயில்' என வழங்கும் கலப்புப் பானத்தின் வரலாற்றிலும் நம் பக்கத்து மரங்களுக்குப் பங்குண்டு. அமெரிக்கப் பத்திரிகையொன்று அச்சொல்லுக்கு விளக்கம் எழுதியது 1806இல். அதற்கு 174 ஆண்டுகள் முன்னரே, 1632இல், கிழக்கிந்தியக் கம்பனி ஊழியர் ஒருவரின் கடிதத்தில் 'பஞ்ச்' என்ற பானம் பேசப்படுகிறது. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, நீர், வாசனைத் திரவியம் ஆகிய ஐந்தும் சேர்ந்ததால் வட இந்திய மொழிகளின் 'பாஞ்ச்' என்ற எண்ணுப்பெயரே பானத்துக்கும் ஆயிற்று என்பது பழைய விளக்கம். ஏற்காத ஆய்வாளரும் உளர். ஜாவாவின் பத்தாவியாவில் வடித்த சாராயம் கரும்புப்பாகிலிருந்து வந்தது. கோவாவிலும் இலங்கையிலும் வடித்தது கள்ளிலிருந்து. இலண்டன் மேசைகளின் பெரிய பஞ்ச் கிண்ணங்களுக்கு ஆசியத் துறைமுகங்களிலிருந்து சாராயம் கப்பலேறியது. மரமேறியவரின் பெயர் அக்கிண்ணங்களில் எழுதப்படவில்லை.

இலங்கையில் சாராயக் குத்தகை ஆங்கில அரசின் கொழுத்த வருமானங்களுள் ஒன்று. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள் விற்பனையைச் சாராயத்திலிருந்து பிரித்து ஒழுங்குபடுத்தியது. கள்ளுத் தவறணைகள் பெருகின. தென்னிலங்கையில் மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்தது. 1915 கலவரத்தின்போது டி.எஸ். சேனாநாயக்கா உள்ளிட்ட அவ்வியக்கத்தவர் சிறை சென்றதும், அவர்களுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் குரல் கொடுத்ததும் யாவரும் அறிந்தவை. சட்டசபையிலும் மேடையிலும் கள் பெரிய அரசியலாகிய அக்காலத்தில், அதைச் சீவி இறக்கியவரின் நாளாந்த வாழ்வு அரிதாகவே பேசப்பட்டது.

இங்கே மறுபடி பிளாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. புலம்பெயர்ந்தோரின் நினைவுகளில் பிளா ஓர் அழகிய பொருள்: ஓலை மணம், கூழின் சூடு, கிணற்றடி நிழல். உண்மைதான். ஆனால் உயர்சாதி வீட்டு முற்றத்தில் அதற்கு வேறொரு வேலையும் இருந்தது. சீவற்றொழிலாளிக்கோ வயலில் நின்றவருக்கோ கூழ் கொடுக்கையில் வீட்டுப் பாத்திரம் கொடுக்கமாட்டார்கள். பிளாவை அவர் ஏந்த, மேலிருந்து ஊற்றுவார்கள். குடித்ததும் அவரே எறிந்துவிட வேண்டும். அவர் கொண்டுவந்த கள் அடுக்களைக்குள் போய் அப்பமாவில் கலக்கும். அவர் அடுக்களைக்குள் போக முடியாது, கிணற்றில் அள்ள முடியாது. தேநீர்க் கடைகளிலும் அவர்களுக்கு வேறாக வைத்த போத்தலும் தகரப்பேணியும் இதன் நீட்சியே. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னும் தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழையப் போராட வேண்டியிருந்தது; 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் அவற்றுள் பலரறிந்தது. யாழ்ப்பாண உணவு பற்றி எழுதுவோர் கூழின் செய்முறையை நுணுக்கமாகத் தந்துவிட்டு இதைத் தாண்டிச் செல்வது எனக்கு உவப்பானதன்று. நண்டின் அளவு எவ்வளவு வரலாறோ, பிளாவை ஏந்திய கையும் அவ்வளவு வரலாறு.

1970களில் பனை, தென்னை சார்ந்த கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகித் தொழிலாளர் தமது கள்ளைத் தாமே விற்கும் ஏற்பாடு வந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பின்னர் வந்த போர் மரங்களையும் மரமேறியவர்களையும் ஒருசேரத் தின்றது.

இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தமிழ்க் கடைகளில் ஒடியல் மா பொதியாகக் கிடைக்கிறது. விடுமுறை முடிந்த சனவரிக் குளிரில் உறைந்த நண்டும் இறாலும் போட்டுக் கூழ் காய்ச்சுவோர் பலர். கள் அவ்வாறு பயணம் செய்யவில்லை. இறக்கிய சில மணி நேரத்தில் அது மாறிக்கொண்டே போகும்; விட்டுவைத்தால் வினாகிரியாகிவிடும். போத்தலில் அடைத்து ஏற்றுமதியாகும் கள் சூடாக்கிப் பதப்படுத்தப்பட்டது. நொதிகள் இறந்துபோன அதனை ஊற்றினால் மா பொங்காது. ஆகவே அங்கெல்லாம் அப்பத்துக்கு ஈஸ்ட். கூழுக்குக் கடதாசிக் குவளை. வந்திருப்போர் எல்லோருக்கும் அதே குவளைதான்.