சுவருக்கு வெளியே பிறந்த பாடம்

2009ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்களுக்குப் ‘பொதுத் தத்துவம்’ என்ற பாடம் நடந்தது. எட்டு வாரம், எட்டு விரிவுரை. நடத்தியவர் ஹெர்ட்ஃபோர்டு கல்லூரியின் பீட்டர் மில்லிகன். டேவிட் ஹியூமின் எழுத்தில் பல்லாண்டு ஊறியவர். தெகார்த், ஹாப்ஸ், லாக், பார்க்லி, ஹியூம் என்று 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிந்தனையாளர்களின் வழியாகத் தத்துவத்துக்குள் நுழைய வைக்கும் பாடம் அது. அந்த விரிவுரைகள் ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்யப்பட்டு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இலவசமாக வெளியாயின. நுழைவுத் தேர்வும் கட்டணமும் விசாவும் இல்லாமல் ஆக்ஸ்ஃபோர்டின் முதல் வகுப்பில் எவரும் உட்காரலாம் என்று ஆயிற்று.

இந்தப் பதிவு பிறந்த கதையை ஐபாடிலிருந்து தொடங்கினால் போதாது. 17ஆம் நூற்றாண்டுக்கே போக வேண்டும்.

1683 ஜூலை 21. ஆட்சிக்கு ஆபத்தான கருத்துகள் என்று ஒரு பட்டியல் போட்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் தீர்ப்பு வெளியிட்டது. அந்தக் கருத்துகளைச் சொன்ன நூல்கள் பல்கலைக்கழக முற்றத்திலேயே தீயிலிடப்பட்டன. ஹாப்ஸின் ‘லெவயதன்’ அவற்றில் ஒன்று. ஹாப்ஸ் வெளியாள் அல்ல, அங்கே மாட்லின் ஹாலில் படித்தவர்தான். அந்த மாட்லின் ஹால்தான் பின்னாளில் ஹெர்ட்ஃபோர்டு கல்லூரியாக உருமாறியது. மறு ஆண்டே அரசர் இரண்டாம் சார்லஸின் ஆணைப்படி ஜான் லாக் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் தமக்கிருந்த இடத்தை இழந்தார். 1703இல் ஆக்ஸ்ஃபோர்டின் கல்லூரித் தலைவர்கள் கூடி, லாக்கின் மனித அறிவு பற்றிய பெருநூலை மாணவர்கள் படிக்காமல் தடுக்க முயன்றார்கள். எரித்த இடமே இன்று ஹாப்ஸைப் பற்றிய விரிவுரையை உலகத்துக்கு இலவசமாக அனுப்புகிறது. இந்த மாற்றத்துக்கு முன்னூறு ஆண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது.

பல்கலைக்கழகங்களுக்கும் இந்தத் தத்துவத்துக்கும் தொடக்கத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. தெகார்த் எங்கும் பேராசிரியராக இருந்ததில்லை. 1637இல் தம் முதல் நூலை அறிஞர்களின் லத்தீனை விட்டுவிட்டுப் பிரெஞ்சில் எழுதினார். பள்ளிப் படிப்பின் சுமை இல்லாத, சொந்த அறிவை நம்பிப் படிக்கும் வாசகர்களே அவருக்கு வேண்டியிருந்தார்கள். ஹாப்ஸ் ஒரு பிரபுக் குடும்பத்தின் ஆசிரியர். லாக் ஒரு பிரபுவின் மருத்துவர். ஸ்பினோசா கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தார். 1673இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் கூப்பிட்டபோது, சிந்திக்கும் சுதந்திரத்துக்கு எல்லை வந்துவிடும் என்று மறுத்தார். லைப்னிஸ் ஹனோவர் அரசவையில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு கடிதத்தில் விவாதித்தார். ஹியூம் எடின்பரோவில் ஒரு முறை, கிளாஸ்கோவில் ஒரு முறை என்று பேராசிரியர் பதவிக்கு முயன்று இரண்டிலும் தோற்றார். இந்த வரிசையில் பல்கலைக்கழக நாற்காலியில் அமர்ந்து எழுதிய முதல் பெரிய பெயர் கான்ட். அவர் வருவதற்குள் 18ஆம் நூற்றாண்டே முடியப் போகிறது.

கேட்பவர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1636இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பல்கலைக்கழகம் திறந்தபோது அந்த விழாவுக்கு லத்தீனில் கவிதை எழுதிக் கொடுத்தவர் அன்னா மரியா ஃபான் ஷூர்மன் என்ற பெண். பல மொழிகள் கற்ற அவர் விரிவுரை கேட்க விரும்பினார். ஆண் மாணவர்கள் கண்ணில் படாதபடி ஒரு மறைப்புக்குப் பின்னால் உட்கார வைத்துத்தான் அனுமதித்தார்கள். குரல் மட்டும் அவரை வந்து சேரும், அவர் கேள்வி சபைக்குப் போகாது. ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1920இல். சுவருக்கு வெளியே நின்று கேட்க ஏங்கியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். பதிவு செய்யப்பட்ட விரிவுரை அவர்களுடைய தேவையிலிருந்து பிறந்த பொருள் என்றே நான் நம்புகிறேன்.

அந்தத் தேவையைத் தொலைக்காட்சியில் முதலில் பெரிய அளவில் நிறைவு செய்தவர் பிரையன் மகீ. 1987இல் பிபிசியில் அவர் நடத்திய ‘மாபெரும் தத்துவவாதிகள்’ தொடரில் மொத்தம் 15 உரையாடல்கள். தெகார்த்தைப் பற்றிப் பேச பெர்னார்டு வில்லியம்ஸ் வந்தார். ஸ்பினோசாவுக்கும் லைப்னிஸுக்கும் ஆன்டனி குவின்டன், லாக்குக்கும் பார்க்லிக்கும் மைக்கேல் அயர்ஸ், ஹியூமுக்கு ஜான் பாஸ்மோர், கான்டுக்கு ஜெஃப்ரி வார்நாக். காட்சிப் பகட்டு எதுவும் கிடையாது. இருவர் சோஃபாவில் உட்கார்ந்து பேசுவார்கள், அவ்வளவுதான். விருந்தினர் ஒரு கருத்தைச் சொன்னதும் மகீ அதை எளிய சொற்களில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்பார். பார்ப்பவர் மனதில் எழும் சந்தேகத்தை அவரே முந்திக்கொண்டு எழுப்புவார். கேட்க முடியாத பார்வையாளருக்காகக் கேட்ட மனிதர் அவர்.

அட்லாண்டிக்குக்கு அக்கரையில் இதே தேவை வியாபாரமாக வளர்ந்தது. டாம் ராலின்ஸ் ஹார்வர்டில் சட்டம் படித்தபோது, சாட்சியச் சட்டத் தேர்வுக்கு முன்னால் இர்விங் யங்கர் என்ற பேராசிரியரின் பத்து மணி நேர வீடியோ விரிவுரைகளை ஒரே மூச்சில் பார்த்தார். தேர்வில் ஏ கிரேடு கிடைத்தது. நல்ல ஆசிரியரின் குரல் டேப்பில் வந்தாலும் வேலை செய்யும் என்ற அந்த அனுபவம் அவரை விடவில்லை. 1990இல் ‘டீச்சிங் கம்பெனி’யைத் தொடங்கினார். கேசட்டிலும் வீடியோ டேப்பிலும் கல்லூரி விரிவுரைகள் விலைக்கு வந்தன. 17, 18ஆம் நூற்றாண்டுச் சிந்தனை வரலாற்றைப் பற்றி ஆலன் சார்ல்ஸ் கோர்ஸ் நடத்திய 24 விரிவுரைகளும் அவற்றுள் உண்டு. காரில் வேலைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் தத்துவம் கேட்டார்கள்.

பிறகு வந்தது இணையம். 2001இல் எம்ஐடி தன் பாடப் பொருள்களை இலவசமாகத் தரப்போவதாக அறிவித்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வகுப்பறை விரிவுரைகளை அப்படியே பதிவேற்றியது. 2007இல் ஆப்பிள் ‘ஐடியூன்ஸ் யூ’வைத் திறந்தது. 2008 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டு அதில் சேர்ந்தது. இந்தியாவில் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடிஇஎல் திட்டத்தின் கீழ், சென்னை ஐஐடியிலிருந்தும் மேலைத் தத்துவம் பற்றிய வீடியோ வரிசை வெளிவந்தது.

மில்லிகனின் விரிவுரைகள் இந்த ஓட்டத்தில் வந்தவை. அவற்றை நான் தனியாக எடுத்துச் சொல்லக் காரணம் அவற்றின் கட்டமைப்பு. பெயர்களையும் கொள்கைகளையும் ஒப்பிப்பது அதில் இல்லை. முதல் இரண்டு விரிவுரைகள் முழுக்க வரலாறு, அதுவும் பெரும்பாலும் அறிவியல் வரலாறு. அரிஸ்டாட்டிலின் உலகில் கல் தன் இயல்பான இடத்தை நாடிக் கீழே விழுகிறது. கலிலியோ வந்து அந்த உலகை உடைக்கிறார். தெகார்த் பொருளுக்கு இடம் அடைக்கும் தன்மையை மட்டும் விட்டுவைக்கிறார், ஒன்றையொன்று தள்ளுவதாலேயே எல்லாம் நகர்கிறது என்கிறார். நியூட்டனின் ஈர்ப்பு விசையோ தொடாமலே இழுக்கிறது. அது எப்படி என்று அவர் ஊகம் சொல்ல மறுக்கிறார். ஹாப்ஸ், பாயில், லாக், மால்பிரான்ஷ், பார்க்லி வழியாக இந்தக் கதை ஹியூமிடம் வந்து முடிகிறது. அதன் பிறகே ஐயவாதம், அறிவு, புலனறிவு, சுதந்திரம், ஆளின் அடையாளம் என்று ஒவ்வொரு சிக்கலாக எடுக்கப்படுகிறது. உலகத்தைப் பற்றிய பழைய படம் கிழிந்ததால் எழுந்த கேள்விகள் இவை என்று மாணவருக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. தத்துவம் வேலையற்றவர்களின் விளையாட்டு என்ற எண்ணம் அந்த இரண்டு விரிவுரைகளிலேயே போய்விடும்.

வெளியிட்ட விதமும் முக்கியம். ஒவ்வொரு விரிவுரையும் எண்ணிட்ட சிறு பகுதிகளாக வெட்டப்பட்டது. இரண்டாம் விரிவுரையின் இரண்டாம் பகுதி ஹாப்ஸைப் பற்றியது. வகுப்பில் திரையில் காட்டிய பக்கங்களும் கூடவே கிடைத்தன. இந்த வெட்டு தத்துவத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஹியூமின் தொகுத்தறிதல் சிக்கலே சான்று. நேற்றுவரை ரொட்டி பசியாற்றியது, நாளையும் ஆற்றும் என்கிறோம். எதை வைத்து? இனி வருவது இதுவரை நடந்ததை ஒத்திருக்கும் என்ற நம்பிக்கையை வைத்து. அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம்? இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே ஆதாரமாகக் காட்டிவிட்டோம். படிகள் சிலவே, ஆனால் ஒன்று தவறினாலும் முழு வாதமும் கைநழுவிவிடும். வகுப்பறையில் அந்த நொடி போனால் போனதுதான். பதிவில் நிறுத்தலாம், பின்னோக்கிப் போகலாம், லாக் சொன்னபடி ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிராகவும் இருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து மீதியைக் கேட்கலாம்.

குரல் மட்டும் போதாது, மூலநூலும் கையில் வேண்டும். இங்கே ஜோனதன் பென்னட்டின் உழைப்பை நன்றியோடு சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் பிறந்த இந்தத் தத்துவப் பேராசிரியர், அக்கால நூல்களின் கடினமான ஆங்கிலத்தை இன்றைய மாணவர் படிக்கும்படி திருத்தி எழுதி இலவசமாகக் கொடுத்தார். தாம் சேர்த்த சொற்களை இரு சிறு புள்ளிகளுக்கிடையே வைத்தார், விளக்கத்தைச் சதுர அடைப்புக்குள் தந்தார், விட்ட இடத்தை நான்கு புள்ளிகளால் காட்டினார். எது ஆசிரியர் குரல், எது உதவியாளர் குரல் என்று வாசகர் ஒவ்வொரு வரியிலும் பிரித்தறிய முடியும். மில்லிகனும் ஹியூமின் நூல்களை இணையத்தில் நம்பகமான பதிப்பாகக் கொண்டுவரும் பணியில் ஈடுபட்டார். விரிவுரையும் மூலமும் ஒன்றாகக் கிடைத்தபோதுதான் இந்தப் பொருள் முழுமையை நெருங்கியது.

இப்படிக் கிடைத்தது நிலையாக இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. காது கேளாதோர் பயன்படுத்தும்படி பெர்க்லியின் இலவசப் பதிவுகள் இல்லை என்று 2016இல் அமெரிக்க நீதித்துறை சுட்டிக்காட்டியது. அந்தக் கோரிக்கை நியாயமானது. எழுத்துவரி சேர்க்கும் செலவைக் காரணம் காட்டி, 2017இல் 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து பெர்க்லி எடுத்துவிட்டது. ஐடியூன்ஸ் யூவும் 2021 இறுதியோடு மூடப்பட்டது. இலவசமாகத் தருவதோடு கடமை முடியவில்லை. எல்லோருக்கும் எட்டும்படியும், நாளைக்கும் இருக்கும்படியும் தருவது அதைவிடப் பெரிய வேலை.

இன்னும் பெரிய குறை ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு மாணவருக்கு விரிவுரை பாதிப் படிப்புதான். வாரந்தோறும் கட்டுரை எழுதிக்கொண்டுபோய், ஒன்றிரண்டு பேராக ஆசிரியர் முன் உட்கார்ந்து விவாதிக்கும் டியூட்டோரியலில்தான் மறுபாதி நடக்கிறது. அந்த மறுபாதி பதிவில் வரவில்லை.

அதன் மதிப்பை இந்தத் தத்துவத்தின் வரலாறே சொல்கிறது. 1643 மே மாதம், நாடிழந்து ஹேக் நகரில் வாழ்ந்த போஹீமிய இளவரசி எலிசபெத் தெகார்த்துக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 24. ஆன்மா இடம் அடைக்காதது, உருவம் இல்லாதது என்கிறீர்கள், அப்படியென்றால் அது உடலை எப்படி அசைக்கிறது என்பது அவர் கேள்வி. தெகார்த்தின் பதில் அவரைத் திருப்திப்படுத்தவில்லை. மறுபடி கேட்டார். தெகார்த் 1650இல் இறக்கும்வரை அந்தக் கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. மன உணர்ச்சிகளைப் பற்றி அவர் 1649இல் வெளியிட்ட நூல் அந்த விவாதத்திலிருந்து வளர்ந்ததே. பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியாத ஒரு வாசகி கேட்ட கேள்வி, அக்காலத்தின் தலைசிறந்த தத்துவவாதியை மறுபடி யோசிக்க வைத்தது. உடலுக்கும் மனத்துக்குமான உறவைப் பேசும் எவரும் இன்றும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடிவதில்லை.

பதிவு விரிவுரையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. கேட்பவரின் கேள்விக்கு ஓர் ஆளைத் தேடித் தரும் பொறுப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்குக் கேமரா போதாது, மனிதர் வேண்டும். தத்துவம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, இந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து, பாடத்தை மறுபடி நடத்தாமல் அவர்கள் கேள்விகளுக்கு மட்டும் முகம் கொடுத்தால், எலிசபெத்துக்குக் கடிதத்தில் கிடைத்தது நம் காலத்து வாசகருக்கும் கிடைக்கும்.