உயிர்க்காலேஜிலிருந்து சிங்க உலாவிடம் வரை

செம்பாக்கத்து வீடுகளுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், அவர்கள் தங்கும் நாட்களில் ஒன்று வண்டலூருக்கென்று ஒதுக்கப்பட்டுவிடும். காலையில் தாம்பரம் வழியாகச் செல்பவர்கள் மாலையில் களைத்துத் திரும்புவார்கள். அவர்களிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, “சிங்கம் பார்த்தீர்களா?” என்பதே. சில சமயம் மகிழ்ச்சியான பதில் வரும். பல சமயம், “முன்பு நிறைய இருந்ததாமே, இப்போது ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டது” என்ற மனக்குறை வரும். இந்த மனக்குறையைச் சற்று விசாரித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. காட்சிக்கு வைக்கப்படும் விலங்குகள் ஏன் மாறுகின்றன? மாற்றுவது யார்?

பழைய சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக்காட்சி சாலையை ‘உயிர்க்காலேஜ்’ என்றும் சொல்வார்கள். இவ்விரண்டும் ஒரே வளாகத்தில் பிறந்தவை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855இல் அங்கே ஒரு விலங்குக்காட்சி சாலையைத் தொடங்கினார். கர்நாடக நவாபிடம் பேசி, அவரிடமிருந்த விலங்குகளைக் கொடையாகப் பெற்றார். ஓராண்டுக்குள் அங்கே முந்நூற்றுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்துவிட்டன. அதே 1855இல்தான் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்தார். கம்பெனி அரசு அந்தப் பட்டத்தையே ஒழித்தது. அரசனின் பெருமைக்காக வளர்க்கப்பட்ட விலங்குகள் குடிமக்களின் வேடிக்கைக்கு உரியவையாக மாறிய தருணம் அது. முதல் மாற்றம் விலங்கில் நிகழவில்லை, அதன் உடைமையாளரிடம் நிகழ்ந்தது.

1863இல் விலங்குகள் நகராட்சியின் பொறுப்பில் பீப்பிள்ஸ் பார்க்கிற்கு இடம்பெயர்ந்தன. செத்தவை எழும்பூரில் தங்கின. உயிருள்ளவை சென்ட்ரல் அருகே போயின. மூர் மார்க்கெட்டும் உயிர்க்காலேஜும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவையாகப் பல பத்தாண்டுகள் இருந்தன. கம்பிக்குப் பின்னால் முன்னும் பின்னுமாக ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் விலங்கு அக்காலத்துக் கூண்டுகளின் பொதுச் சித்திரம். அந்த நடையை அன்று கம்பீரம் என்று நினைத்தோம். அடைபட்ட விலங்கின் மனநோய்க்குறி அது என்று பின்னாளில் விலங்கியலார் சொன்னார்கள்.

நகரம் நெருக்கியதால், 1976இல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1979இல் வேலை தொடங்கியது. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு ஜூலை 24 அன்று வண்டலூர்ப் பூங்காவை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். இரண்டு மாத இடைவெளியில் பழைய சென்னையின் இரு வேடிக்கைகளும் இல்லாமலாயின.

வண்டலூரில் கம்பிகளின் இடத்தை அகழிகள் பிடித்தன. ஜெர்மானியரான கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஹாம்பர்க் அருகே செய்து காட்டிய முறை அது. சஃபாரி என்பது அதற்கும் அடுத்த படி. ‘பயணம்’ எனப் பொருள்படும் இந்தச் சொல் அரபியிலிருந்து சுவாஹிலிக்கும், அங்கிருந்து உலகுக்கும் போனது. மனிதர் வாகனத்துக்குள் அமர, சிங்கங்கள் வெளியே திரியும் ஏற்பாடு இங்கிலாந்தின் லாங்லீட்டில் 1966இல் தொடங்கியது. அதன் பின்னணியில் இருந்த ஜிம்மி சிப்பர்ஃபீல்ட் சர்க்கஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது கவனிக்கத் தக்கது. விலங்கின் விடுதலையாக நாம் எண்ணும் இவ்வேற்பாடு சர்க்கஸ்காரரின் கற்பனையில் உதித்தது.

நம் நாட்டிலும் சர்க்கஸின் நிழல் சஃபாரியின் மீது விழுந்தது. பஞ்சாபில் சண்டிகருக்கு அருகிலுள்ள சத்பீர் பூங்காவில் 1980களில் சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களும் ஆசியச் சிங்கங்களும் கலந்து குட்டிகள் ஈன்றன. பார்க்க வருவோருக்குக் கொண்டாட்டம்; எண்ணிக்கை பெருகியது. பின்னர்தான் பிழை தெரிந்தது. கிர் காட்டில் மட்டுமே எஞ்சிய ஓர் இனத்தின் தூய வழியைக் காப்பதற்கு இக்கலப்பு உதவாது. கலப்புச் சிங்கங்கள் நோய்க்கு எளிதில் இரையாயின. 2000ஆம் ஆண்டளவில் அவற்றுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. இருப்பவை வாழ்ந்து முடியட்டும், புதியவை வேண்டாம் என்பது முடிவு. அறிவியல் நோக்கில் இதில் குறை காண இயலாது. ஆயினும், நம் ஆசைக்காகப் பிறந்து நம் திருத்தத்துக்காகச் சந்ததியின்றி மறைந்த ஒரு தலைமுறையை எண்ணும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது. அச்சிங்கங்களில் எதுவும் எந்தத் தவறும் செய்யவில்லை.

1998இல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சர்க்கஸ்களிலிருந்து மீட்கப்பட்ட விலங்குகளுக்காக அமைக்கப்பட்ட மையங்களுள் வண்டலூரும் ஒன்று. அங்கே வந்து சேர்ந்த சிங்கங்கள் காட்சிக்கு உரியவை அல்ல, முதுமையைக் கழிக்க வந்தவை. 2009இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் யானைகளைப் பூங்காக்களிலிருந்து முகாம்களுக்கு மாற்றச் சொன்னது. ஆக, ஒரு விலங்கு காட்சியிலிருந்து மறைவதை எப்போதும் இழப்பு என்று கொள்வதற்கில்லை. பல சமயங்களில் அது நம் அறிவு வளர்ந்ததன் அடையாளம்.

ஆனால் எல்லா மறைவும் அப்படியல்ல. 2021 மே இறுதியில், கொரோனாவினால் பூங்கா மூடப்பட்டிருந்தபோது, வண்டலூர் சஃபாரிப் பகுதிச் சிங்கங்கள் சில உணவை வெறுத்து இருமத் தொடங்கின. ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. மனிதர்களிடையே அப்போது பரவிக்கொண்டிருந்த டெல்டா வகையே அவற்றிடமும் காணப்பட்டது. ஜூன் 3 அன்று நீலா என்ற பெண் சிங்கமும், ஜூன் 16 அன்று பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன. கம்பியும் அகழியும் சிங்கத்திடமிருந்து நம்மைக் காத்தன. நம்மிடமிருந்து சிங்கத்தைக் காக்க அவற்றால் முடியவில்லை.

பின்னர் புதிய சிங்கங்கள் வந்தன. 2023இல் பெங்களூரு பன்னேர்கட்டாவிலிருந்து பரிமாற்றமாகக் கொண்டுவரப்பட்ட ஒன்று, 2025 அக்டோபரில் உலாவிடத்தில் விடப்பட்டபோது இரவுக் கொட்டிலுக்குத் திரும்பவில்லை. பகலில் திரிந்து, உணவுக்காக மாலையில் அடைவதே அங்குள்ள வழக்கம். ட்ரோன்கள் பறந்தன, செய்திகள் பரபரத்தன. சில நாட்களில் அது தானாகவே வந்து சேர்ந்தது. புதரடர்ந்த நிலத்தில் சிங்கம் சிங்கமாக இருந்த அந்தச் சில நாட்களை நாம் ‘காணாமல் போனது’ என்று குறித்துக்கொண்டோம்.

இவ்விடத்துக்கு ‘உலாவிடம்’ என்று தமிழில் பெயரிட்டவர் யாராயினும் வாழ்க. உலா இலக்கியத்தில் பவனி வருபவன் தலைவன். நின்று நோக்குவோர் ஏழு பருவத்து மகளிர். இங்கோ கம்பியிட்ட வண்டியில் பவனி வருபவர்கள் நாம். மர நிழலில் கிடந்தபடி, விருப்பமிருந்தால் ஒரு பார்வை பார்ப்பது சிங்கம்.

2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குஜராத்தில் 891 ஆசியச் சிங்கங்கள் உள்ளன. கூண்டில் உள்ளவை அந்த எண்ணிக்கைக்கு வெளியே, ஒரு காப்பீடு போல வாழ்கின்றன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, யாருக்கு மாற்றாக வந்தது, முன்பு அங்கே இருந்தது என்னவாயிற்று என்பதை ஒரு பலகையில் எழுதிவைத்தால் போதும். இனத்தின் பெயரும் உணவும் ஆயுளும் சொல்லும் பலகைகள் உண்டு. அந்தத் தனி உயிரின் வரலாற்றைச் சொல்லும் பலகைதான் வேண்டும். நீலாவின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அப்போது “முன்பு நிறைய இருந்ததாமே” என்று குறைப்படும் விருந்தினருக்கு, அவர் கேட்காமலேயே விடை கிடைத்திருக்கும்.